ஸூக் என்கிற கதாநாயகன்

பாடப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு விமரிசனம் எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எழுதலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது, எதை உடனே சொல்லாமல் வைத்திருப்பது, எந்த இடத்தில் வாசகனின் கையை விட்டுவிட்டு இனி நீயே நட என்பது - நாவலாசிரியன் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விகள் இவை. பாடப் புஸ்தகம் எழுதுகிறவனுக்கும் இதே கேள்விகள்தான். நம்மிடையே பாடப் புஸ்தகம் எழுதுகிற பலருக்கு இந்தக் கேள்விகள் தோன்றுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிற புஸ்தகம் டானியல் ஷிஃப்மன் என்ற அமெரிக்கர் எழுதி 2008-ல் வெளியான ‘லர்னிங் ப்ராஸஸிங்’. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத, ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருகிற புஸ்தகம். நியூயார்க் சர்வகலாசாலையில் கலை மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர் ஷிஃப்மன். இந்தப் புஸ்தகம் என் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் புஸ்தகத்துக்குள் போகிறேன்.

என் தங்கை பெண் ஒருத்தி. சின்ன வயசிலிருந்து கையில் பென்சில் இல்லாமல் அவளைப் பார்த்ததில்லை. மார்க்கும் நன்றாக வாங்கினாள். ஆகவே, நம் வழக்கப்படி, அவளை என்ஜினீயரிங் காலேஜில் சேர்த்துவிட்டார்கள். சேர்க்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். முதல் வருஷத்தில் புரோகிராமிங் என்று ஒரு பாடம். கொடுத்த எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடி. ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல்தானா என்று பார். நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக அச்சிடு. இவற்றைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். இவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். மனப்பாடம் பண்ணினாள். பரீட்சையில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டார்கள். போயிற்று. இரண்டு தடவை அரியர் வைத்துவிட்டு, மூன்றாவது வருஷம் படிப்பையே விட்டுவிட்டாள். “எனக்கு அது வராது மாமா. மூளை அப்படி இல்லை” என்றாள். இருபது வயசுப் பெண் தன் மூளையைப் பற்றி அப்படித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டது என்னை வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும் அந்த வாக்கியம் போகவில்லை.

ப்ராஸஸிங் என்பது ஒரு மொழி. 2001-ல் கேஸி ரீஸ், பென் ஃப்ரை என்ற இருவர் எம். ஐ. டி.யின் மீடியா லாபில் ஆரம்பித்தது. இருவரும் ஜான் மயேதாவின் மாணாக்கர்கள். மயேதா 1999-ல் ‘டிஸைன் பை நம்பர்ஸ்’ என்று ஒரு மொழியும் அதற்கு ஒரு புஸ்தகமும் செய்திருந்தார். நூறுக்கு நூறு புள்ளி அளவில் ஒரு குட்டிக் காகிதம். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை நூறு படிகள். காகிதம், பேனா, கோடு என்று நாலைந்து கட்டளைகள். வர்ணமே கிடையாது. குறளுக்கு ஏழு சீர் போல, இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மாணாக்கர்கள் அந்தக் குட்டிக் காகிதத்தைப் பெரிதாக்கி, வர்ணம் சேர்த்து, அசைவு சேர்த்து ப்ராஸஸிங் ஆக்கினார்கள். அதில் எழுதுகிற புரோகிராமுக்கு ‘ஸ்கெட்ச்’ என்றே பெயர். பெயர் வைத்ததில் பாதிக் காரியம் முடிந்துவிட்டது. புரோகிராம் என்றால் தப்பாகிவிடுமோ என்று பயம் வரும். ஸ்கெட்ச் என்றால் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று போடலாம். பின்னால் லாரன் மெக்கார்த்தி என்ற அம்மாள் இதையே பிரவுஸரில் ஓடும்படியாக ‘பி ஃபைவ்’ என்று செய்தார். இப்போது அதற்குக் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றிக்கொள்ளக்கூட வேண்டியதில்லை.

ஷிஃப்மன் முதல் அத்தியாயத்தில் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை. கிராஃப் காகிதத்தில் புள்ளிகளை எண்ணச் சொல்கிறார். பள்ளிக்கூடத்துக் கணக்கில் கீழ் இடது மூலையிலிருந்து மேலே எண்ணினோம். இங்கே மேல் இடது மூலையிலிருந்து கீழே எண்ண வேண்டும். அந்தச் சின்னத் தலைகீழ் மாற்றத்துக்குப் பழகியதும் ஸூக் வருகிறது. ஒரு செவ்வகம் உடம்பு, ஒரு வட்டம் தலை, இரண்டு முட்டைக் கண்கள், இரண்டு கோடு கால்கள். ஆறே உருவங்கள். ஆணா பெண்ணா தெரியாது. எந்த லோகத்துப் பிராணி என்றும் தெரியாது. இந்த ஸூக்தான் புஸ்தகத்தின் கதாநாயகன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில் அது சுட்டியின் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஓடுகிறது. நாலாவதில் தானாக நகர்கிறது. ஐந்தாவதில் சுவரில் முட்டித் திரும்பக் கற்றுக்கொள்கிறது. ஆறாவதில் கைகள் முளைக்கின்றன. எட்டாவதில் அது ஒரு வம்சமாகிறது. ஒன்பதாவதில் கூட்டமாகப் பெருகுகிறது. மாறிகள், நிபந்தனைகள், சுற்றுகள் என்று காலேஜில் வரிசையாக இருந்த அதே பாடங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஸூகுக்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது என்பதால் வருகிறது. தேவை முதலில், கருவி அப்புறம். நல்ல நாவலில் பாத்திரத்துக்குப் பசி எடுத்த பிறகுதான் அடுப்பு வர்ணனை வரும்.

இதில் இரண்டு இடங்களைச் சற்று நின்று பார்க்கலாம்.

எக்ஸ் = எக்ஸ் + 1 என்று ஒரு வரி. கணக்கு படித்த எந்தப் பிள்ளைக்கும் இது பொய். ஒரு எண் தன்னைவிட ஒன்று அதிகமாக எப்படி இருக்கும்? என் மருமகள் முதல் வாரமே இந்த வரியில்தான் விழுந்தாள் என்று பிற்பாடு சொன்னாள். வாத்தியார் “எக்ஸ் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்” என்றாராம். வைத்துக்கொண்டாள், ஒன்றும் விளங்கவில்லை. ப்ராஸஸிங்கில் இதே வரி ஒரு வட்டத்தின் இடத்தைக் குறிக்கிறது. விநாடிக்கு அறுபது தடவை அந்த வரி ஓடுகிறது; ஒவ்வொரு தடவையும் வட்டம் ஒரு புள்ளி வலப்பக்கம் போகிறது. அது சமன்பாடு அல்ல, ஓர் அடி எடுத்து வைப்பது என்று கண் சொல்லிவிடுகிறது. யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்று, பின்னணியைப் பூசுகிற கட்டளை. ஒவ்வொரு ஸ்கெட்சிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ‘ஸெட்டப்’ ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை ஓடும். ‘ட்ரா’ ஓயாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். பின்னணி பூசுகிற வரியை ‘ட்ரா’வில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் பழசு அழிந்து, வட்டம் ஒன்றாகவே நகர்கிறது. அதே வரியை எடுத்து ‘ஸெட்டப்’பில் வைத்துவிட்டால் பழசு அழிவதில்லை, வட்டம் நத்தை மாதிரி தடம் விட்டுக்கொண்டு போகிறது. ஒரே வரி, ஒரு சொல்கூட மாறவில்லை, இடம்தான் மாறியது. புரோகிராம் எழுதுவதில் எல்லாவற்றையும்விடக் கடினமான விஷயம் எது எப்போது நடக்கிறது என்பதுதான். அதை இவ்வளவு சுலபமாகக் காட்டக்கூடிய வேறு பாடத்தை நான் பார்த்ததில்லை.

இந்தச் சுலபத்திலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. ‘ட்ரா’ தானாகச் சுற்றிக்கொண்டிருப்பதால், அது ஒரு சுற்று என்பதே மாணவனுக்கு மறந்துபோகிறது. அதற்குள் தானே ஒரு சுற்றை எழுதும்போது, நூறு வட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் என்று எதிர்பார்க்கிறான். எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. ஏனென்றால் ‘ட்ரா’ ஒருதரம் முடிந்த பிறகுதான் திரை மாறுகிறது. ஷிஃப்மன் ஆறாவது அத்தியாயத்தில் இதைச் சொல்லி எச்சரிக்கத்தான் செய்கிறார். நான் எச்சரிக்கையைப் படித்துவிட்டும் விழுந்தேன்.

இந்த முறைக்கு ஒரு தாத்தா உண்டு. ஸீமர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்ஸைக், ஸிந்தியா ஸாலமன் ஆகியோர் அமெரிக்காவில் 1967-ல் குழந்தைகளுக்கென்று செய்த லோகோ என்ற மொழி. கொஞ்சம் பின்னால் அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று சொன்னால் அது நகர்ந்துகொண்டே கோடு போடும். வட்டம் எப்படிப் போடுவது என்று குழந்தை கேட்டால் வாத்தியார் சொல்லக்கூடாது. நீயே நடந்து பார் என்று சொல்ல வேண்டும். குழந்தை எழுந்து நடக்கும். ஓர் அடி, கொஞ்சம் திரும்பல், ஓர் அடி, கொஞ்சம் திரும்பல். அதையே முந்நூற்றறுபது தடவை ஆமைக்குச் சொன்னால் வட்டம் வந்துவிடும். லோகோவில் வட்டம் குழந்தை கண்டுபிடிக்கிற சமாசாரம். ப்ராஸஸிங்கில் அது கடையில் வாங்குகிற சமாசாரம். ‘எல்லிப்ஸ்’ என்று எழுதி நாலு எண்ணைப் போட்டால் கிடைத்துவிடுகிறது. பேரன்களுக்குச் சௌகரியம் அதிகம். தாத்தாவிடம் இருந்த ஏதோ ஒன்று குறைந்துபோயிற்று என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் தாத்தாவின் வாக்கையும் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. பேப்பர்ட் 1980-ல் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ படிக்கப் படிக்க மயக்குகிற புஸ்தகம். ஆமையோடு பழகிய குழந்தை சிந்திப்பதற்கே கற்றுக்கொள்ளும் என்கிறார். சில வருஷங்களிலேயே ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இருவர் நியூயார்க்கில் லோகோ படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தார்கள். காரியங்களைத் திட்டமிடுவதில் இருவருக்கும் வித்தியாசம் தென்படவில்லை. ஜார்ஜியா டெக்கில் மார்க் குஸ்டியல் 2003 முதல் போட்டோவையும் சப்தத்தையும் வைத்துப் புரோகிராமிங் கற்றுக் கொடுத்தார். பத்து வருஷம் கழித்துத் தானே திரும்பிப் பார்த்து, மாணவர்கள் வகுப்பை விட்டு ஓடாமல் நிற்கிறார்கள் என்பது நிச்சயம், அதிகமாகக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல ஆதாரம் போதாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். தன் பிள்ளையைப் பற்றித் தகப்பனார் இவ்வளவு நிதானமாகப் பேசுவது அபூர்வம். ஓடாமல் நிற்பதையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஓடிப்போன ஒருத்தியை எனக்குத் தெரியும்.

இனி, குறை சொல்ல வேண்டிய இடம். இந்தப் பக்கத்துப் புஸ்தகங்களிலெல்லாம் ‘ராண்டம்’ என்று ஒரு கட்டளை வருகிறது. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். அதை வர்ணத்துக்கும் இடத்துக்கும் போட்டுவிட்டால் ஐந்தே நிமிஷத்தில் திரை முழுவதும் அழகான குழப்பம். சபாஷ் என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. மறுநாள் அதே மாதிரி இன்னொன்று போட முடியவில்லை. ஏனென்றால் நேற்று வந்ததை நான் போடவில்லை. பகா எண் கணக்கில் விடை தப்பு என்றால் தப்புதான். இங்கே தப்பும் அழகாயிருக்கிறது. தப்பு அழகாயிருக்கிற இடத்தில் கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம். இலக்கியத்திலும் இதை நாம் பார்க்காமலில்லை. புரியாத நாலு வரியை எழுதிவிட்டு, ஆழ்ந்த அர்த்தம் என்று வாசகனே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற கவிராயர்கள் இல்லையா?

ராண்டத்தைக் கலைக்குப் பயன்படுத்த முடியாது என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் கியோர்க் நீஸ் 1968-ல் ‘ஷோட்டர்’ என்று ஒரு படம் செய்தார். சரளைக்கல் என்று அர்த்தம். வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம், இருபத்திரண்டு வரிசை. மேலே ராணுவ அணிவகுப்பு மாதிரி நிற்கின்றன. கீழே வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, விலகி, கடைசியில் கொட்டிக் கிடக்கின்றன. சாய்வு ராண்டம்தான், ஆனால் எந்த வரிசையில் எவ்வளவு சாயலாம் என்கிற வரம்பு நீஸ் போட்டது. குழப்பத்துக்கும் அளவு வைத்திருக்கிறார். 1968-ல் கம்ப்யூட்டரிடம் வந்து, 2023-ல் தொண்ணூற்றொன்பது வயசில் காலமான வேரா மோல்நார் அம்மாள் ஆயுள் முழுவதும் செய்த காரியமும் இதுதான். ஒழுங்கான சதுரங்களில் ஒரு சிட்டிகை கலைப்பு.

ரீஸும் ஃப்ரையும் சேர்ந்து 2007-ல் எழுதிய கைநூல் எழுநூறு பக்கத்துக்கு மேல். ஷிஃப்மன் நூலைவிடக் கனமானது, அழகானது, கலைஞர்களின் பேட்டிகள் எல்லாம் உண்டு. ஒவ்வொரு விஷயத்துக்கும் சிறு சிறு படங்கள், பக்கத்திலேயே அதற்கான வரிகள். எனக்கு அதைவிட ஷிஃப்மன் நூல்தான் ஒசத்தி என்று தோன்றுகிறது. காரணம் ஸூக். வரியைத் தப்பாக எழுதினால் ஸூகின் தலை கழன்று தனியாக மிதக்கும். கால் ஒன்று பின்தங்கும். கண் நெற்றிக்குப் போய்விடும். தப்பு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கைநூலின் நேர்த்தியான கோடுகளும் வளைவுகளும் வேறு விதமாக வந்தாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. எது சரி என்று படமே சொல்வதில்லை. ஸூகிடம் உள்ள குறை, பாதிப் புஸ்தகத்துக்கு மேல் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை என்பதுதான். பத்தாவது அத்தியாயத்தில் மழைத்துளி பிடிக்கிற விளையாட்டு ஒன்று வருகிறது. கெட்டிக்காரத்தனமான அத்தியாயம். ஆனாலும் கதாநாயகனை நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிற நாவலைப் படித்த ஏமாற்றம் எனக்கு மிஞ்சியது.

புஸ்தகத்தை என் மருமகளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவே தயங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் உட்கார்ந்து முதல் நாலு அத்தியாயத்தை முடித்தோம். எண்ணுவதை ஏன் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறார்கள் என்பது காலேஜில் அவளுக்குப் புரியாத இன்னொரு சங்கதி. சதுரங்களை இருபது புள்ளி இடைவெளியில் வரிசையாக வைக்கும்போது அவளே சொன்னாள்: “முதல் சதுரம் ஓரத்திலிருந்து நகரவே இல்லையே மாமா. அதுக்குப் பூஜ்யம்தானே வரும்?”

அடுத்த வாரம் அவளாகவே ஒன்று ஆரம்பித்திருந்தாள். கோலப் புஸ்தகங்களில் போட்டிருப்பார்களே, ஏழு புள்ளி, நாலில் நிறுத்தவும், இடைப்புள்ளி என்று. நடுவில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு. ஆகமொத்தம் முப்பத்தேழு புள்ளி. அந்த ஒரு வரியே ஒரு புரோகிராம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. (கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு புதிதல்ல. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-லேயே கோலத்தின் இலக்கணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.) வரிசைக்கு ஒரு சுற்று, அதற்குள் புள்ளிக்கு ஒரு சுற்று, உள்சுற்று எத்தனை தடவை என்பதை வெளிச்சுற்று தீர்மானிக்கிறது. ஓட்டினாள். புள்ளிகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. “சாஞ்சுபோச்சு” என்றாள் உடனே. ஒவ்வொரு வரிசையையும் அரை இடைவெளி தள்ள வேண்டும் என்பது அவள் கைக்கு இருபது வருஷமாகத் தெரியும். எண்ணாக மாற்றக் கால் மணி நேரம் ஆயிற்று.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “மாமா, காலேஜில் நட்சத்திர முக்கோணம் போடச் சொன்னாங்களே, அதுவும் இதுதானே?” என்றாள்.

அதுவும் இதுதான். சுற்றுக்குள் சுற்று, உள்ளதற்கு வெளியது அளவு சொல்கிறது. நான் இத்தனை நாளும் காலேஜில் படம் இல்லை, அதனால் அவளுக்கு வரவில்லை என்று ஒரு சித்தாந்தம் கட்டி வைத்திருந்தேன். படம் இருந்திருக்கிறது. அந்த நட்சத்திர முக்கோணத்தைவிட ஸூக் அப்படி ஒன்றும் அழகல்ல. ஆனால் அந்த முக்கோணம் சாய்ந்துபோனால் யாருக்கும் மனசு சங்கடப்படவில்லை. மார்க் குறைந்தது, அவ்வளவுதான். ஆகவே இந்தப் புஸ்தகங்களைப் பற்றி நான் முதலில் எழுத நினைத்த பாராட்டில் பாதியை அடித்துவிட வேண்டியதாயிற்று. ஷிஃப்மன் சாமர்த்தியசாலி, ஸூக் நல்ல கதாநாயகன், ஆனால் என் மருமகளுக்குக் கதவைத் திறந்தது ஸூக் அல்ல.

புள்ளி வைத்தாயிற்று. சிக்குக் கோடு இன்னும் வரவில்லை. புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டிய கோடு. ஒன்பதாவது அத்தியாயத்தின் பட்டியல்களைப் படித்தால்தான் நடக்கும் என்றேன். படித்துக்கொண்டிருக்கிறாள், கசக்கிறது என்கிறாள். மூன்று வாரமாயிற்று. போன தடவை நான் போனபோது கம்ப்யூட்டர் மூடியிருந்தது. மேஜைமேல் கிராஃப் காகிதம். முப்பத்தேழு புள்ளி, பென்சிலில் பாதி தூரம் வரை அம்புக்குறிகள், ஒவ்வொரு திருப்பத்திலும் பொடி எழுத்தில் ஓர் எண். இரண்டு இடத்தில் ரப்பர் போட்டு அழித்து, காகிதம் கிழிந்திருந்தது.